சங்கத்துக்குத் தாக்கல் சொல்வது யார்?

ஜூன் 7, 2025 – கேள்வி
(தேவகோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது)

எங்களுடையது சின்னச் சங்கம். ஊருக்குள் ஒரு படிப்பகம், வருடத்துக்கு இரண்டு மருத்துவ முகாம், அவ்வளவுதான். கருத்துக் கேட்புக் கூட்டம், புதுப் படிவம், கெடு தேதி என்று எதுவானாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் காதில் விழுகிறது. பெரிய நிறுவனங்களுக்கு இதைப் பார்க்கத் தனி ஆள் உண்டு. எங்களுக்கு யார் சொல்வார்கள்? யாராவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பா?

ஜூன் 8

தப்பே இல்லை. சொல்லத்தான் வேண்டும். கருத்துக் கேட்பு என்று பெயர் வைத்துவிட்டு, கருத்துச் சொல்ல வேண்டியவருக்கே தெரிவிக்காமல் விட்டால் யாரிடம் கேட்டதாக ஆகும்?

பள்ளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. எங்கள் ஊருணியைப் பராமரிக்கிற சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வருகிற அறிவிப்பெல்லாம் என்றாவது ஒரு நாள் நகல் எடுக்க என் கடைக்கு வந்துவிடும். கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும்போதே தேதியைப் பார்ப்பேன். பாதிக்கு மேல் கெடு முடிந்திருக்கும். மீதி, நாளைக்கு முடிவதாக இருக்கும்.

எங்கள் பக்கம் சேதியைத் தாக்கல் என்போம். ஒரு வீட்டில் துக்கம் என்றால் முதலில் கேட்பது, "எல்லாருக்கும் தாக்கல் சொல்லியாச்சா?" அலுவலகத்தில் தாக்கல் என்றால் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது. இந்த வருடம் அந்தத் தாக்கல் வராததால் இந்தத் தாக்கல் தவறிப்போனது. 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்க வைக்கிற வருமான வரிப் பதிவு, வைத்திருக்கிற சங்கம் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஏற்ற வேண்டும். நாங்கள் ஜூன் 5 அன்று ஏற்றினோம். ஒரு நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம், ஐந்து நாளைக்கு 1,000. அந்தப் பணத்துக்கு ஒரு கொத்தனார் ஒரு நாள் நின்று, படித்துறையில் பெயர்ந்து கிடக்கிற செம்புராங்கல்லை எடுத்து வைத்துப் பூசியிருப்பார். பணத்தைவிட உறுத்துவது வேறு. அந்தப் பட்டியல் ஏறினால்தான் கொடுத்தவருக்கு வரிச்சலுகைச் சான்று எடுக்க முடியும். சென்னையில் இருக்கிற ஒரு பெரியவர் இரண்டு தடவை போன் போட்டு, "என்னம்மா, ரசீது என்னாச்சு?" என்று பொறுமையாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது.

என் யோசனை இது. செட்டிநாட்டுச் சின்னச் சங்கங்களுக்கு மாதம் ஒரு தாள் போதும். முன்னும் பின்னும் அடித்த ஒரே தாள். அந்த மாதம் என்ன கெடு, எங்கே கூட்டம், எந்த வரைவுக்கு எந்தத் தேதிக்குள் எழுதிப் போட வேண்டும். சேதி கைக்கு வந்துவிட்டால் மற்றதைச் சங்கங்களே பார்த்துக்கொள்ளும். ஜூலையிலிருந்து நானே போடுகிறேன்.

ஜூன் 8, இரவு

விட்டுப்போனது ஒன்று. 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்தவர்கள், மார்ச்சில் கணக்கு முடிப்பவர்களானால், செப்டம்பருக்குள் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை நிறைவேற்றிப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்பது ஊருக்கே தெரியும். பதிந்தால் வருடா வருடம் இந்த வேலை உண்டு என்று பதிகிற அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. கேள்வி கேட்டவர் தன் சங்கத்துக்குக் கடைசியாக எந்த வருடக் கணக்குப் போயிருக்கிறது என்று முதலில் கோப்பைத் திறந்து பார்க்கட்டும்.

ஜூன் 15

"அறிவிப்பை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டத்தானே செய்கிறார்கள், போய்ப் பார்த்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒரு கல் குவாரிக்குக் கருத்துக் கேட்பு. அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். தலைப்பும் முதல் ஏழெட்டு வரியும் தெரிந்தன. கீழ்ப் பாதி மேல் கால்நடைத் தடுப்பூசி முகாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மைதாப் பசை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்து ஓரத்திலிருந்து நகத்தால் மெல்லக் கிளப்பினேன். மேல் தாள் பாதி கிழிந்து வந்தது, அடியில் இருந்த தாளின் எழுத்தும் கொஞ்சம் அதோடு வந்துவிட்டது. இடமும் நேரமும் படிக்க முடிந்தது. தேதியில் மாதம் தெரிந்தது, நாள் தெரியவில்லை. பலகையைப் பார்த்தால் போதும் என்கிறவர்கள், அந்தத் தேதிக்காக நான் மறுபடி பஸ் ஏறிப் போனதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். 2006ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கருத்துக் கேட்புக்கு 30 நாளாவது முன்னால் அறிவிக்க வேண்டும், அதுவும் தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வருகிற அதிகாரி. திட்டத்தின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம். எங்கள் ஊரில் பலருக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியாது. "கூட்டத்துல நின்னு பேச கூச்சமா இருக்கும்மா" என்று ஒதுங்கிப் போன எத்தனையோ பேர், ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

ஜூன் 16

குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது கிராம சபைக்கு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நேற்று நான் சொன்ன சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக்கு அப்படி எந்த எண்ணிக்கையும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகத்தான் கணக்கு. ஆகவே அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது. நாங்கள் போகாமல் இருந்தோம், கூட்டம் நின்றுவிடும் என்று நினைத்தோம் என்று பின்னால் வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

ஜூலை 2

முதல் தாள் போட்டாயிற்று. அறுபது நகல். காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல், தேவகோட்டை வரை பஸ் கண்டக்டர்கள் கையிலும் தெரிந்தவர்கள் கையிலும் கொடுத்துவிட்டேன்.

தாளைத் தயார் பண்ணும்போது எங்கள் சங்கத்து ஆச்சி கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. பிள்ளைகள் இருவரும் வெளியூர். அந்தப் பெரிய வீட்டில் முகப்பையும் ஓர் அறையையும் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். "இதுக்கெல்லாம் அந்தக் காலத்துல புள்ளிக் கணக்கு இருந்துச்சு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் காரியம், ஊர்க் காரியம் எதுவானாலும் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். கடல் தாண்டித் தொழில் பார்த்தாலும் புள்ளியிலிருந்து பேர் போகாது. வியாபாரத்தில் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிற வழக்கமும் இருந்தது. செட்டிநாட்டின் ஊருணிகள், சத்திரங்கள், பள்ளிக்கூடங்கள் பலவும் இப்படிச் சேர்ந்த பணத்தில் எழுந்தவைதான். புள்ளி என்பது பணம் வாங்குவதற்கான பட்டியல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆச்சி வேறு மாதிரி சொன்னார்: "காசு கேக்குறதுக்கு முன்னாடி தாக்கல் சொல்லணும்ல? புள்ளியில இருக்குற ஒரு வீட்டுக்குத் தாக்கல் விட்டுப்போனா அது ஊருக்கே குத்தம்."

இதை இரண்டு நாளாக அசை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சங்கம் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917ல் தொடங்கியது, 1919ல் பாரதியார் அங்கே வந்து போனார். கம்பன் கழகம் 1939ல். 1920களில் இங்கிருந்து பத்திரிகைகளே நடந்தன. சொ. முருகப்பா குமரனையும் ராய. சொக்கலிங்கம் ஊழியனையும் நடத்தினார்கள். ஊர்ச் சீர்திருத்தம், பெண் கல்வி, விதவை மறுமணம் எல்லாம் அச்சில் ஏறிச் சண்டையே நடந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் அவ்வளவு பேசிய ஊர் இது. இன்றைக்கு ஒரு ஊருணிச் சங்கத்துக்குத் தன் கெடு தேதி தெரியவில்லை என்றால் மனசு பொறுக்கவில்லை.

ஜூலை 20

மலேசியாவிலிருந்து ஒரு சொந்தக்காரர் படிப்பகத்துக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா என்று கேள்வி கேட்டவரே மறுபடி கேட்டிருக்கிறார். இது செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு உள்ள விஷயம், அதனால் கொஞ்சம் நிதானமாக.

முதலில் அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். இந்திய வம்சாவளி அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாத சங்கம் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும்.

பினாங்கில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்குத் தாத்தா வெட்டிய ஊருணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆசை. சட்டம் அதற்கு இத்தனை கதவு வைத்திருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் பாசத்தால் பணத்தை வாங்கிவிட்டுப் பின்னால் சங்கத்தையே இழுத்து மூடுகிற நிலைமை வரக் கூடாது. அந்தப் பேரப்பிள்ளை ஊருக்கு வரும்போது ஒரு நாள் வந்து மண்வெட்டி பிடிக்கட்டும். எங்கள் ஊரில் ஒரு பையன் அப்படி வந்தான். மூன்று நாள் நின்று கரையில் சீமைக்கருவேலம் வெட்டினான்.

ஆகஸ்ட் 3

ஆகஸ்ட் தாளில் ஒரு நல்ல சேதி போட்டிருக்கிறேன். சின்ன அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் வருமான வரியில் விலக்குத் தருகிற 12ஏபி பதிவு இனி 5 வருடத்துக்குப் பதில் 10 வருடம். 2025 நிதிச் சட்டத்தில் வந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு. நம் பக்கத்துச் சங்கம் ஒன்றுவிடாமல் இதில் அடங்கும். 2021ல் ஓடி ஓடிப் புதுப்பித்தோமே, அடுத்த ஓட்டம் 2031ல்தான்.

ஆகஸ்ட் 4

மேலே எழுதியது தப்பு. தயவுசெய்து அதை நம்பி யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

காலையில் ஒரு வரி ஆலோசகர் கடைக்கு வந்தவர் தாளைப் பார்த்துவிட்டுப் பதறினார். 10 வருடம் என்பது 2025 ஏப்ரல் 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு. ஏற்கெனவே வாங்கிய 5 வருடப் பதிவு தானாக நீளாது. 2021ல் 10ஏ படிவம் போட்டு வாங்கிய பதிவு 2026 மார்ச் 31ல் முடிகிறது. முடிவதற்கு ஆறு மாதம் முன்னால், அதாவது செப்டம்பர் 30க்குள், 10ஏபி படிவம் போட வேண்டும். போட்டால் 10 வருடம் கிடைக்கும். 80ஜிக்கு அந்தச் சலுகை இல்லை, அது 5 வருடம்தான், அதற்கும் இதே கெடு.

அறுபது தாளில் தப்பான சேதி போய்விட்டது. அறுபது பேரையும் போனில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பத்தியொரு பேர். மிச்சப் பேரை யாராவது நேரில் பார்த்தால் செப்டம்பர் 30 என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 5

அறுபதும் முடிந்தது.

ஆகஸ்ட் 17

சுதந்திர தினக் கிராம சபைக்குப் போனவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியில் முடிந்து இப்போது தனி அலுவலர்தான் பொறுப்பு. தலைவர் இல்லை, அதனால் கிராம சபையும் இல்லை என்று சில ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. சபை என்பது ஊரின் வாக்காளர்கள். தலைவர் இல்லாவிட்டாலும் ஊர் இருக்கிறது.

கோட்டையூர்க்காரர் ஒருவர், "காரைக்குடி மாநகராட்சியோடு சேர்த்ததில் எங்கள் கிராம சபை போய்விட்டது" என்று எழுதியிருந்தார். அண்ணே, கோட்டையூரும் கண்டனூரும் பேரூராட்சியாக இருந்தவை. பேரூராட்சிக்குக் கிராம சபை அப்போதும் கிடையாது. போனது சங்கராபுரம் மாதிரி ஊராட்சியாக இருந்து சேர்ந்த ஊர்களுக்கு. அங்கே நூறு நாள் வேலையும் போனது. வேலை போனதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். சபை போனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வருடத்துக்கு ஆறு தடவை ஊரே உட்கார்ந்து கணக்குக் கேட்கிற இடம் அது. நகர்ப்புறத்தில் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. அது எப்போது, எங்கே கூடுகிறது என்று உங்கள் வார்டில் கேட்டு எழுதுங்கள், தாளில் போடுகிறேன்.

செப்டம்பர் 6

ஜூன் மாதம் நான் எழுதியதை இன்று மாற்றிக்கொள்கிறேன்.

செட்டிநாட்டுப் பக்கத்து ஒரு சங்கம், பேர் வேண்டாம், 10ஏபி இன்னும் போடவில்லை. அதன் செயலாளரை நேரில் பார்த்தேன். என் தாள் மூன்றும் அவர் மேசையில் இருந்தன. கண்ணாடிக்கு அடியில் ஒழுங்காக விரித்து வைத்திருந்தார், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். படித்தும் இருக்கிறார். செப்டம்பர் 30க்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு. "கமிட்டியில் சொன்னீங்களாண்ணே?" என்றேன். "கமிட்டி கூடி எட்டு மாசம் ஆச்சும்மா" என்றார். கையெழுத்துப் போட வேண்டிய தலைவர் மதுரையில் மகள் வீட்டில். வருமான வரித் தளத்தின் கடவுச்சொல் பழைய ஆடிட்டர் கைபேசியோடு போய்விட்டது. இத்தனையும் அவர் ஒருவர் தலையில். மனிதர் ராத்திரி தூங்குவதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

ஆகவே சேதி கைக்கு வந்தால் போதும், மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்னது சரியில்லை. செயலாளர் ஒருவர் கைக்கு வந்தால் அது சங்கத்துக்கு வந்ததாகாது. அரசாங்கம் பலகையில் ஒட்டியதும் நான் தாள் அடித்துக் கொடுத்ததும் ஒரே மாதிரி வேலைதான். இரண்டிலும், ஒட்டியாச்சு, கொடுத்தாச்சு என்று கையைத் தட்டிக்கொள்ளலாம். ஆச்சி சொன்ன புள்ளிக் கணக்கில் அப்படி முடியாது. அங்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் திரும்பி வந்து, இன்ன வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், இன்ன வீட்டில் பூட்டிக் கிடக்கிறது, இன்னார் வேறு மாதிரி சொல்கிறார் என்று ஒப்பிக்க வேண்டும். தாக்கல் போனதோடு முடியாது, பதிலோடு திரும்ப வேண்டும்.

2020 ஞாபகம் வருகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுப் புது வரைவு வந்த சமயம். ஊரடங்கு. அரசிதழில் 60 நாள் கெடு போட்டு, அதை ஜூன் 30 வரை நீட்டியிருந்தார்கள். வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அந்த ஜூன் 30 அன்றே தில்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11க்குத் தள்ளி, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. அப்போது கடை பாதிக் கதவுதான் திறந்திருக்கும். கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி தினம் வந்து, தானே தமிழில் எழுதிய சுருக்கத்தை ஐந்து ஐந்து நகலாக எடுத்துப் போவாள். கையில் காசு அவ்வளவுதான். ஒரு நாள் கேட்டேன், இதை யாரிடம் கொடுக்கிறாய் என்று. கொடுப்பதில்லையாம். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டு, அவர்கள் சொல்வதைப் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறாளாம். அன்றைக்கு அதன் அருமை எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் செய்ததைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ தாளை நிறுத்திவிடப் போகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். நிறுத்தவில்லை. தாளின் பின்பக்கத்தை இனி வெறுமையாக விடுகிறேன். கோடு மட்டும். யார் யாருக்குச் சொன்னோம், என்ன சொன்னார்கள் என்று அதில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதத் தாள், போன மாதத் தாளைத் திருப்பிக் கொடுத்தால்தான்.

செப்டம்பர் 21

அந்தச் சங்கம் 10ஏபி போட்டுவிட்டது. தலைவர் மதுரையிலிருந்து வந்து கையெழுத்திட்டார், கடவுச்சொல்லும் மீட்டாயிற்று. கமிட்டியும் கூடியது, ஒன்பது பேரில் ஏழு பேர். இனி மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இரண்டு பேருடையது இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மற்ற சங்கங்களும் செய்ய வேண்டியது. எங்களுடையது 12ஆம் தேதியே போயிற்று.

செப்டம்பர் 28

கவனம். காந்தி ஜெயந்தி கிராம சபை அக்டோபர் 2 அன்று இல்லை. 11ஆம் தேதி, சனிக்கிழமை. 2ஆம் தேதி விஜயதசமியும் சேர்ந்து வருவதால் மாற்றியிருக்கிறார்கள் என்கிறார்கள். 2 என்று ஏற்கெனவே சொல்லிவைத்த வீடுகளுக்குத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். நாங்கள் நாற்பது வீட்டுக்குச் சொல்லியிருந்தோம். ஆச்சி கைத்தடியை எடுத்துக்கொண்டு, "தெக்குத் தெருவ நான் பாத்துக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 12

நேற்று நடந்தது.

எங்கள் ஊர் 3,000க்குள். 100 பேர் வேண்டும். நூற்றுச் சொச்சம் வந்தார்கள். ஆத்தங்குடிக் கல் போடப் போகிற ஆட்கள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள், கொட்டான் பின்னுகிற பெண்கள் கையில் ஓலையோடே வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஊருணிக்கு வருகிற வரத்துக்கால் ரோட்டுக்கு அடியில் ஒரு சிறுபாலத்தின் வழியாக வருகிறது. ரோட்டை உயர்த்திப் போட்டபோது அந்தப் பாலத்தின் வாயில் ஜல்லியும் மண்ணும் சரிந்து அடைத்துக்கொண்டது. மூன்று வருடமாக மழைத் தண்ணீர் ரோட்டோரமாகவே ஓடி வேறு பக்கம் போகிறது. ஊருணியை நாங்கள் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அந்த வாய் திறக்காமல் பிரயோஜனம் இல்லை.

பேசினோம், கைதட்டினார்கள், தீர்மானம் என்றார்கள். தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்கு வந்தபோது வாசித்தேன். "ஊருணி வரத்துக்கால் தூர்வாருதல்" என்று இருந்தது. பாலம் என்ற சொல்லே இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஐயா, பாலத்தை எழுதணும்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர், தூர்வாருதல் என்றாலே அதுவும் அடக்கம் என்றார். அடக்கம் இல்லை ஐயா, கால்வாய் ஊராட்சியுடையது, ரோடு வேறு துறையுடையது, பாலம் என்று எழுதினால்தான் அந்தத் துறைக்குக் கடிதம் போகும் என்றேன். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, தாளின் பின்பக்கம். வடக்குத் தெருவில் ஒரு பெரியவர், முன்னால் ரோடு வேலையில் மேஸ்திரியாக இருந்தவர், அவரிடம் தாக்கல் சொல்லப் போனபோது சொல்லி எழுத வைத்த வரி அது. அந்த வீட்டுக்குப் போகாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் வரிக்கு மேலே ஒரு கூட்டல் குறி போட்டு, "சாலைக்குக் கீழ் உள்ள சிறுபாலத்தின் அடைப்பை நீக்குதல் உட்பட" என்று ஓரத்தில் எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் போட்டார். நல்ல மனிதர். அதன் பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

தூர் எடுக்கிற வண்டல் மண் பற்றிப் பலர் கேட்டார்கள். கண்மாய், குளங்களில் விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வண்டல் எடுக்க 2024லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம். படித்துறை வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை நாம் போட வேண்டும். எங்கள் மூன்றில் ஒன்றுக்குப் பட்டியல் போடத் தொடங்கியாயிற்று. புள்ளிக் கணக்கில்தான், ஆனால் இந்தத் தடவை எந்தச் சாதி, எந்தத் தெரு என்ற கணக்கில்லாமல் ஊரில் அடுப்பெரிகிற வீடெல்லாம் ஒரு புள்ளி. ஆச்சிதான் முதலில் அப்படிச் சொன்னார்.

அக்டோபர் 20

தீபாவளி. திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் இன்றும் வெடிச் சத்தம் இருக்காது. வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரே வெடிப்பதில்லை. தலைமுறையாக நடக்கிறது. வெடிக்காதே என்று வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் கல்யாணமாகி வருகிற மருமகளுக்கும் பிறக்கிற பிள்ளைக்கும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்திருக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டே கடையை மூடினேன்.

அக்டோபர் 26

மழை பிடித்துவிட்டது. பாலம் இன்னும் திறக்கவில்லை. தீர்மான நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாளில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. அதற்கு அவர்களுக்கு 30 நாள்.

கேள்வி கேட்ட தேவகோட்டை அண்ணனுக்கு: உங்கள் படிப்பகத்துக்கு வருகிறவர்களில் தினமும் வருகிற இரண்டு பேரின் பெயரை எனக்கு அனுப்புங்கள். செயலாளர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அவரைத் தவிர இரண்டு பேர்.

நவம்பர் தாள் வியாழக்கிழமை மாலை தயாராகிவிடும். கரண்ட் ஆறு மணிக்குப் பிறகு விட்டு விட்டு வருகிறது, ஐந்துக்குள் வந்துவிடுங்கள். அக்டோபர்த் தாளைப் பின்பக்கம் எழுதிக் கையோடு எடுத்துவர வேண்டும். இதுவரை பதினேழு திரும்பியிருக்கிறது.